ஏழு எழுத்தில் மூன்று

அம்மா கடைசியாக ஜெயித்து அறுபத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. அந்த அறுபத்து மூன்றாவது நாள், சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, அப்பா அம்மாவைச் சமன் செய்தார். பதினான்குக்குப் பதினான்கு.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதினோரு வருஷமா இந்த வீட்ல..."

"உக்காருங்க முதலாளி. சமம்தானே? ஜெயிக்கலையே?" என்றாள் அம்மா.

"டிரைவரம்மாவுக்குச் சமமா வந்தா அது ஜெயிச்ச கணக்குதான். நாளைக்கு ஊர்ல யாரையாவது கேட்டுப் பாரு."

"ஊருக்கு வேற வேலை இல்ல பாருங்க."

அப்பா முதலாளி, ஏனென்றால் வீட்டின் முன்னறையில் அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், 'சில்லறை கொடுத்து உதவவும்' என்று ஒரு அட்டை. அம்மா டிரைவரம்மா, ஏனென்றால் அவள் வேன் ஓட்டினாள். பிஸ்கட் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பதினோரு பெண்களைக் காலையில் வீட்டு வாசலில் ஏற்றி, ஏழரை மணிக்குத் தொழிற்சாலை வாசலில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். மகளுக்கு இருபத்தாறு வயது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் இன்னும் பாப்பாதான். மூன்று பேரில் அவளுக்கு மட்டும் பதவி உயர்வு வரவில்லை.

மூவரும் விளையாடுவது செய்தித்தாளில் ஆறாம் பக்கத்தில் வரும் எழுத்துப் புதிர். ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றி ஆறு எழுத்து, நடுவில் ஒன்று. அந்த ஏழை வைத்துக்கொண்டு எத்தனை சொல் முடியுமோ அத்தனை. நடுவெழுத்து எல்லாச் சொல்லிலும் வந்தாக வேண்டும். காலும் கொம்பும் புள்ளியும் போட்டுக்கொள்வது அவரவர் இஷ்டம். எழுத்து மட்டும் வெளியிலிருந்து வரக்கூடாது. சில நாள் ஏழு எழுத்தும் வருகிற மாதிரி ஒரு முழுச்சொல் இருக்கும். அப்படி இருந்தால் வட்டத்தின் தலையில் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள்.

பேப்பர் ஐந்தரைக்கு வரும். அப்பா அந்த வட்டத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கம் அச்சடித்து வீணாய்ப்போன தாள்களின் மறுபக்கத்தில் மூன்று பிரதி எடுப்பார். ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு பத்து வரை பென்சில். அதன் பிறகு தாளைக் கைமாற்றித் திருத்த வேண்டும். அம்மாவுடையதை அப்பா, அப்பாவுடையதை மகள், மகளுடையதை அம்மா. ஆறரைக்கு வேன் கிளம்பிவிடும். திருத்திய தாள்களைத் தேதி போட்டு ஃபைலில் கோக்கிற வேலை மகளுடையது. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தேதி போட்ட ஒரு தாளைத் தூக்கி எறிய அவளால் முடியாது, அவ்வளவுதான்.

அம்மாவின் வழக்கமான கணக்கு முப்பத்து நான்கு சொல். மகளுக்கு இருபத்தேழு. அப்பாவுக்குப் பதினொன்று, வானம் பொழிந்தால் பதினான்கு. "எண்ணிக்கையில என்ன இருக்கு, தரம்தான் முக்கியம்" என்பார்.

அந்தச் சனிக்கிழமை நடுவெழுத்து ட. அம்மா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வேன் சாவியைத் தேட எழுந்தாள். சாவி மேஜையில், அவளுடைய இடது கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவள் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்து, பிறகு எடுத்துக்கொண்டாள்.

மகள் அம்மாவின் தாளைப் பார்த்தாள். படம், மடம், குடம், காடு, மாடு, மேடு, பாட்டு, படகு, கூட்டம்... எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் வட்டத்தில் த இருந்தது, நடுவில் ட இருந்தது. எதிர் நாற்காலியில் தாடியோடு ஒரு ஆள் அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குத் தாடி தோன்றவில்லை.

"அம்மா, தாடி எழுதலையா?"

"எந்தத் தாடி?"

"அப்பா தாடி."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அதெல்லாம் ஒரு தாடியா?" என்றாள். போய்விட்டாள்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் பாப்பா, அம்மாவுக்கு மறதி கிறதி ஆரம்பிச்சிருக்குமா?"

"தெரியல."

"பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல பேரு மறந்தாங்க. அப்புறம் அடுப்ப மறந்தாங்க." ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். "பதினோரு பேரு ஏறுற வண்டி."

அவ்வளவு நேரம் ஜெயித்த முகத்தோடு இருந்தவர், எழுந்து போய் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். மெஷின் சுத்தமாகத்தான் இருந்தது.

மகள் ஃபைலைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பரிசோதனைக் கூடத்தில் சனிக்கிழமை அரை நாள். பரிசோதனைக்கு வந்த தண்ணீர் பதினெட்டு பாட்டில். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வரைபடத் தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நாளும் அம்மா எழுதிய சொற்களின் எண்ணிக்கையைப் புள்ளியாக வைத்தாள். கூடத்தின் சுவரில் பெரிய மேடம் கையால் எழுதி ஒட்டிய ஒரு விதி உண்டு. ஏழு புள்ளி தொடர்ந்து சராசரிக் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் தண்ணீரைச் சந்தேகப்படாதே, மெஷினைப் பார். இங்கே அறுபத்து மூன்று புள்ளி ஒரே பக்கம் விழுந்திருந்தது.

பெரிய மேடம் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு வரைபடம் என்றால் போதும், யாருடையது என்று கேட்க மாட்டாள்.

"எந்தக் கிணறு இது?"

மகள் யோசித்தாள். "வீட்டுக் கிணறு மேடம்."

"சரிவா இல்ல பாரு. படி மாதிரி இறங்கியிருக்கு." மேடம் பேனாவின் பின்பக்கத்தால் அந்த இடத்தைத் தட்டினாள். "கொஞ்சம் கொஞ்சமா கெட்டா சரிவா வரும். இது ஒரே நாள்ல ஆனது. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பாரு."

"சரி மேடம்."

"கிணத்துக்குள்ள எதாவது விழுந்துதா?"

"தெரியல மேடம்."

மறதி என்றால் சரிவாக வரும். பெரியம்மாவுக்குச் சரிவாகத்தான் வந்தது. மகளுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி தப்பு என்று அடுத்த நிமிடம் தெரிந்தது, ஏனென்றால் படி இறங்கிய தேதியை அவள் பார்த்தாள். அதுவும் ஒரு சனிக்கிழமை. அன்று காலை அம்மா முப்பத்தேழு சொல் எழுதி ஜெயித்தாள். சனிக்கிழமை தொழிற்சாலையும் அரை நாள். மதியம் பெண்களை வீட்டில் விட்டுவிட்டு வந்து வேனை விட்டு இறங்கியதும் தலை வெடிக்கிறது என்று படுத்தாள். வெயில் என்றாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினைந்து சொல். அதே ஞாயிற்றுக்கிழமைதான் சாப்பாட்டு மேஜையில் தன் இடத்தையும் மாற்றிக்கொண்டாள். பதினோரு வருடமாக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தவள், சுவரோரம் போய், சுவர் தன் இடது கைப்பக்கம் வரும்படி உட்கார்ந்தாள். காற்றாடிக் காற்று நேராக மண்டையில் அடிக்கிறதாம்.

அன்றைக்குக் குறைந்தது எண்ணிக்கை மட்டும்தானா? மகள் தாள்களை மறுபடி விரித்தாள். இந்த முறை சொற்களை எண்ணவில்லை. அம்மா பயன்படுத்திய எழுத்து வட்டத்தில் எங்கே இருந்தது என்று எண்ணினாள். வட்டத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டால் எழுத்துகள் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று மணிகளில் இருக்கும். அறுபத்து மூன்று தாள்களில் அம்மா எழுதிய சொற்கள் எண்ணூற்றுத் தொண்ணூற்று ஆறு. அவற்றில் ஏழு, ஒன்பது, பதினொன்று மணி எழுத்து எதாவது ஒன்று வந்த சொற்கள் நாற்பத்து ஒன்று. அதற்கு முந்தைய தாள்களில் இடம் வலம் என்ற பேதமே இல்லை.

தாடியின் த ஒன்பது மணியில் இருந்தது.

அவள் ஃபைலை மூடினாள். பிறகு, ஏற்கெனவே கழுவி வைத்த பதினெட்டு பாட்டிலையும் இன்னொரு முறை கழுவினாள்.

ஒரே ஒரு கணக்கை நம்பி எதையும் சொல்லிவிடக்கூடாது என்பது அவள் படித்த படிப்பு. வாயைத் திறந்து எதையும் சொல்ல முடியாது என்பது அவள் சுபாவம். இரண்டும் ஒன்றுக்கொன்று ரொம்ப ஒத்தாசையாக இருந்தன. எப்படியும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேன் ஓடாது. ஒரு நாள் கையில் இருந்தது.

ஞாயிறு காலை அவள் அப்பாவுக்கு முன்பே எழுந்து, பேப்பரை எடுத்து, புதிரை ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியைக் கத்தரித்து, வலப்பக்கத்து மூன்று எழுத்தை இடப்பக்கமும் இடப்பக்கத்து மூன்றை வலப்பக்கமும் வைத்து ஒட்டினாள். அப்பா மெஷின் பக்கம் வந்தார்.

"என்ன பாப்பா பண்ற?"

"அம்மாவுக்கு மட்டும் எழுத்த இடம் மாத்தி வைக்கிறேன்."

"எதுக்கு?"

"சும்மா. பாக்கலாம்னு."

"அதே ஏழு எழுத்துதானே?"

"அதே ஏழுதான்."

"அப்ப ஆட்சேபணை இல்ல," என்றார் அப்பா. கடந்த பதினோரு வருடத்தில் அவர் ஆட்சேபிக்காத முதல் விஷயம் அதுதான். அம்மா எழுதுகிற கூட்டுச்சொல் ஒவ்வொன்றையும் "இது ரெண்டு வார்த்தை, செல்லாது" என்று சொல்லித்தான் அவர் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அன்று பதினைந்து சொல் வந்தது. பேப்பரில் இடப்பக்கம் அச்சாகியிருந்த எழுத்துகளெல்லாம் அம்மாவின் சொற்களில் தாராளமாகப் புழங்கின. பேப்பரில் வலப்பக்கம் இருந்த மூன்றும் காணாமல் போயிருந்தன. எழுத்தின் மேல் அம்மாவுக்குக் கோபம் எதுவும் இல்லை. இடத்தில்தான் விஷயம்.

அன்று மதியம் அம்மா வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். இடப்பக்கத்துக் கண்ணாடி புதிது. அதன் மேல் கடைக்காரர் ஒட்டிய சீட்டு இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. மூன்று வாரம் முன்பு, பார்க்கிங்கில் எவனோ தட்டிவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லியிருந்தாள். இருபது வருடமாக இந்த வண்டியை எவனும் தட்டியதில்லை. இந்த வேன் அவள் பேரில் இருந்தது, அவள் நிறம் சொல்லி அடித்த பெயின்ட் அதில் இருந்தது. பதினோரு பெண்களின் கணவன்மார் "டிரைவரம்மா வண்டின்னா கவலை இல்ல" என்று சொல்வதை அவள் வீட்டில் வந்து வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை.

மகள் டீ டம்ளரோடு போய் அம்மாவின் இடப்பக்கம் நின்றாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். அம்மா, உனக்கு ஒரு பக்கம் சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். இல்லை, நினைக்கிறேன் வேண்டாம். அம்மா, டாக்டரிடம் போகலாமா? இல்லை, கேள்வியாகக் கேட்டால் இல்லை என்று பதில் வரும்.

அம்மா ஈரத்துணியைப் பிழிந்து, கண்ணாடியைத் துடைத்து, வண்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். "உனக்கு என்னடி, ராணி. நாள் பூரா படுத்துக் கிடக்கலாம்." பிறகு நிமிர்ந்து உள்பக்கம் குரல் கொடுத்தாள். "டீ கேட்டு எவ்வளவு நேரமாச்சு? இந்தப் பொண்ணு எங்க போய்த் தொலைஞ்சா?"

மகள் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது. நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

'இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அவள் சத்தம் போடாமல் வேனைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில், அம்மாவின் வலப்பக்கமாக வந்தாள்.

"இதோம்மா."

"எங்க போயிருந்த? கூப்பிட்டது காதுல விழல?" அம்மா ஒரு வாய் குடித்தாள். "பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. நீ தண்ணி டெஸ்ட் பண்ற ஆளு, அதுக்காக டீயையுமா?"

"சூடு பண்ணிட்டு வரேன்," என்றாள் மகள். சூடு பண்ணிக்கொண்டும் வந்தாள். அன்று அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடிந்தது. அறுபத்தைந்தாவது நாள். ஆறரைக்கு வேன் கிளம்ப வேண்டும். இன்றைக்கு வேன் கிளம்பக்கூடாது, அது மட்டும் மகளுக்குத் தெளிவாக இருந்தது. எப்படி என்பதுதான் தெளிவாக இல்லை. சாவியை ஒளித்து வைக்கலாம் என்று யோசித்தாள். அம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது.

பேப்பர் வந்தது. வட்டத்தின் தலையில் நட்சத்திரம். நடுவில் க. சுற்றிலும் ச, வ, ழ, ள, ர, ங.

அப்பா அடுப்படியில் இருந்த நேரத்தில் மகள் பேப்பரில் இருந்தபடியே மூன்று பிரதி எடுத்து, மூன்றாவதிலிருந்து ஆறு எழுத்தையும் தனித்தனியாகக் கத்தரித்தாள். வட்டத்தை மட்டும் வைத்து, நடுவில் க எழுத்தை ஒட்டினாள். பிறகு மற்ற ஆறையும் வலப்பக்கத்து அரைவட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி ஒட்டினாள். இடப்பக்கம் மூன்று இடமும் வெள்ளையாக இருந்தன. யார் பார்த்தாலும் இது என்ன கூத்து என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டுவிட்டால் தான் நினைத்தது தப்பு. அவளுக்குத் தன் வேலையில் ஒரு தப்பு வர வேண்டும் என்று இவ்வளவு ஆசை எப்போதும் இருந்ததில்லை. அதை ஒரே ஒரு பிரதி எடுத்தாள். மற்ற இரண்டும் பேப்பரில் இருந்தபடியே இருந்தன.

ஐந்து ஐம்பதுக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். அம்மா சுவரோரம். தாளைக் கையில் வாங்கினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

மகள் காத்திருந்தாள்.

"என்ன முதலாளி, இன்னைக்கு எழுத்து நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது? மெஷினுக்கு வயசாயிடுச்சா?"

"மெஷினக் குத்தம் சொல்லாத," என்றார் அப்பா, தன் தாளிலிருந்து தலையை எடுக்காமல். "ஆடத் தெரியாதவங்க பேசற பேச்சு."

அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. பென்சிலை எடுத்தாள்.

அதன் பிறகு இருபது நிமிடம் பென்சில் சத்தம்தான். அம்மாவின் பென்சில் நிற்கவே இல்லை. கிழக்கு, வழக்கு, விளக்கு, குரங்கு, சங்கு, வங்கி, சரக்கு, கேழ்வரகு, வாழ்க்கை... தாளின் அடிப்பக்கம் வரை போய், ஓரத்தில் ஏறி, மூலையில் திரும்பினாள். நடுநடுவே தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஆறு ஏழுக்கு ஒரு முறை "ஹா!" என்றாள். அறுபத்தைந்து நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். மகளின் தாளில் ஆறு சொல் இருந்தது. ஆறாவது சொல்லை அவள் இரண்டு முறை எழுதியிருந்தாள்.

"நேரம் முடிஞ்சுது," என்றார் அப்பா. "எனக்குப் பன்னிரண்டு. சொல்லு டிரைவர்."

"முப்பத்தி எட்டு."

"எத்தனை?"

"முப்பத்தி எட்டு முதலாளி. நட்சத்திரத்தோட சேத்து." அம்மா தாளைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "முழுச்சொல் என்னன்னு சொல்லட்டுமா? மூச்சப் பிடிச்சுக்கங்க. சர்க்கரைவள்ளிக்கிழங்கு."

அப்பா விரல் விட்டு எண்ணினார். ச. ர. க. வ. ள. ழ. ங. ஏழு விரலும் மடங்கின. அவர் முகம் தொங்கிப்போனது. பிறகு பிரகாசமானது.

"செல்லாது. சர்க்கரைவள்ளி ஒரு வார்த்தை, கிழங்கு ஒரு வார்த்தை."

"கடையில போய் ஒரு கிலோ சர்க்கரைவள்ளி குடுங்க, கிழங்கத் தனியா குடுங்கன்னு கேப்பீங்களா?"

"கேக்கறது வேற. எழுதறது வேற."

"பாப்பா, நீ சொல்லு. படிச்சவ. ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்," என்றாள் மகள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பாத்தீங்களா? என்னவோ அவளுக்கு மறதி வந்துடுச்சு, மண்டை காலின்னு அப்பாவும் பொண்ணும் குசுகுசுன்னு பேசிக்கிட்டீங்கல்ல? உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இந்தாங்க. திருத்துங்க."

அம்மா தாளை நீட்டினாள். அப்பா வாங்கினார்.

ஆட்சேபணை சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அவர் முதலில் அம்மாவின் தாளைப் பார்த்தார். பிறகு தன் தாளைப் பார்த்தார். மறுபடி அம்மாவின் தாள். பாதி வட்டம் காலியாக இருந்தது. மறுபாதியில் ஆறு எழுத்தும் பேருந்தில் தொங்குகிற கூட்டம் போல ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. காலியான பக்கத்தில் பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. சொற்களைத் தாளின் ஓரம் மூலை என்று இண்டு இடுக்கெல்லாம் எழுதியவள், அவ்வளவு பெரிய வெற்றிடத்தை விட்டு வைத்திருந்தாள்.

அப்பா மகளைப் பார்த்தார். மகள் மேஜையைப் பார்த்தாள்.

"என்ன முதலாளி? கிழங்கு தொண்டையில மாட்டிக்கிச்சா? செல்லுமா, செல்லாதா?"

"செல்லும்," என்றார் அப்பா.

அம்மாவின் சிரிப்பு நின்றது.

பதினோரு வருடத்தில் அவர் ஒருமுறைகூடச் சண்டை போடாமல் எதையும் செல்லும் என்று சொன்னதில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார். அம்மா அவரையே பார்த்தாள். அவர் தாளை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார்.

"ஏன் உடனே ஒத்துக்கிட்டீங்க?"

"செல்லும்னா செல்லும். விடு."

"கையக் காட்டுங்க. அந்தத் தாளக் குடுங்க இப்படி."

"டைம் ஆச்சு டிரைவர்," என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று அவருக்கு உறைத்தது. "இல்ல, டைம் ஆகல. நீ உக்காரு."

அம்மா எழுந்தாள். மேஜையில் தடவிச் சாவியை எடுத்தாள். அப்போது மகள் எழுந்தாள். இந்த முறை அவள் சுற்றிக்கொண்டு போகவில்லை. நேராகப் போய் அப்பாவின் கையிலிருந்து அம்மாவின் தாளை வாங்கி, அப்பாவின் தாளுக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்தாள். தன் தாளையும் வைத்தாள். மூன்று வட்டம் வரிசையாகக் கிடந்தன.

"அம்மா, இதப் பாரேன்."

அம்மா பார்த்தாள். முதலில் எல்லோரையும் போலப் பார்த்தாள். பிறகு தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். இரண்டு மாதமாக அவள் செய்து பழகியிருந்த திருப்பல் அது. சாவி எடுக்க, சாலையைக் கடக்க, யாராவது பேசினால் பதில் சொல்ல. மூன்று வட்டத்தையும் ஒவ்வொன்றாக, விளிம்பு வரை, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடித்தாள். மூன்றில் ஒன்று பாதி காலி. அது தன்னுடையது. அதன் கீழே தன் கையெழுத்தில் முப்பத்தெட்டு சொல்.

அம்மா அந்தக் காலிப் பாதியில் விரலை வைத்துப் பார்த்தாள். 

"இதுக்குத்தான் நெருக்கியடிச்சு நின்னுதா?" என்றாள் அம்மா.

மகள் தலையாட்டினாள்.

"நேத்தும் எதாவது பண்ணியா?"

"நேத்து இடம் மாத்தி வெச்சேன்."

"திருட்டுக் கழுத." அம்மாவின் குரலில் திட்டு இல்லை. "ஒரு வார்த்த வாயத் தொறந்து கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா சொல்லியிருப்பியா?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். சாவி அவள் மடியில் கிடந்தது.

போன் அடித்தது. மணி ஆறு இருபத்தைந்து. யார் என்று மூவருக்கும் தெரியும். வேனில் முதலில் ஏறுகிற பெண். பதினோரு பேரும் வேனில் போகிற வழியெல்லாம் இதே புதிரைத்தான் வாயாலேயே விளையாடுவார்கள். மற்றவர்களுக்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்ளலாம் என்று இவள் தினமும் கிளம்புகிற நேரத்துக்குப் போன் போட்டு எழுத்தைக் கேட்டுக்கொள்வாள். இது நியாயமே இல்லை என்று மற்ற பத்துப் பேருக்கும் தெரியாது.

அம்மா போனை எடுத்து மேஜை மேல் வைத்து, ஸ்பீக்கரை அழுத்தினாள். எப்போதும் அப்படித்தான் பேசுவாள்.

"அக்கா, கிளம்பிட்டீங்களா? இன்னைக்கு என்னக்கா எழுத்து? சீக்கிரம் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரர் குளிச்சிட்டு வரதுக்குள்ள எழுதிக்கறேன்."

அப்பா போனை நோக்கிக் கையை நீட்டினார். வண்டி பஞ்சர் என்று சொல்லிவிடலாம், இன்றைக்கு மட்டும் சமாளித்துவிடலாம் என்பது அந்தக் கையில் எழுதியிருந்தது. அம்மா அந்தக் கையை மெதுவாக நகர்த்தி வைத்தாள்.

அப்பாவின் தாளை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். தலையைத் திருப்பவில்லை.

"எழுதிக்கோ," என்றாள். "நடுவுல க."

"க. சரி."

"வலது பக்கம் ச, வ, ழ."

"ச, வ, ழ. ம்... அப்புறம்?"

அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? இன்னும் மூணு எழுத்து சொல்லணும்."

"ஆமாம்மா, மூணு இருக்கும்," என்றாள் அம்மா. "இடது பக்கம். நீ எல்லாருக்கும் போன் போட்டு வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடு. அறுபத்தஞ்சு நாளா எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல."